விழுந்தவனைப் பைய எடு

ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதை சொல்லுவார். மற்ற நாலு பேரும் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக மாறிப் பேசுவார்கள். இக்கட்டு வந்தால் பகடை தீர்ப்பு சொல்லும். இதுதான் விளையாட்டு. அதற்கான விதிப்புத்தகத்தை நானும் என் கூட்டாளியும் சேர்ந்து எழுதினோம். அதில் அவனுக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. கதையில் ஒருவன் செத்தால் மேசைமேல் இருக்கும் அவன் காயை உடனே தூக்கிவிடக் கூடாது. சுற்றி இருப்பவர்கள் அவனைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லிய பிறகே தூக்க வேண்டும். அதை ஒரே வரியில் எழுதியிருந்தான்: ‘விழுந்தவனைப் பைய எடு.’

பைய என்றால் மெல்ல. எங்கள் பக்கத்துக் கண்டக்டர்கூட “பைய இறங்கும்மா” என்றுதான் சொல்லுவார்.

அவனுக்கு விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலை வேலை. எனக்குப் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகம். அவனுடைய அத்தான் வளைகுடாவிலிருந்து வரும்போது தடியான ஒரு இங்கிலீஷ் விதிப்புத்தகம் கொண்டுவந்தார். அதில் எங்கு பார்த்தாலும் பனியும் கோட்டையும். எங்களுக்கு ஒட்டவில்லை. மலையிலிருந்து கடல்வரை ஆற்றோடு நடந்துபோகும் கதையாக நாங்களே ஒன்று எழுதி, ஜெராக்ஸ் போட்டு, ஸ்டேப்ளர் பின் அடித்தோம். அதுதான் முதல் பதிப்பு. எல்லாம் முடிந்து அடுக்கி வைத்த பிறகுதான் பார்த்தோம், ‘பகடையை உருட்டவும்’ என்ற இடத்தில் ‘பாடையை உருட்டவும்’ என்று விழுந்திருந்தது.

“ஏலே, பாடைய உருட்டச் சொன்னா எவன்லே விளையாட வருவான்?” என்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் பேனாவால் திருத்தினோம். விரல் வீங்கிப்போனது. ஒரு பிரதியைக்கூட விடவில்லை.

பிறகு சிவகாசியில் அச்சடித்தோம். கட்டுக் கட்டாக என் கட்டிலுக்கடியில் கிடந்தது. திசையன்விளையில் ஒரு கடைக்கார அண்ணாச்சி புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல பாம்பு எங்கன இருக்கு? ஏணியையும் காணுமே?” என்று கேட்டார். அப்புறம் காகிதமே வேண்டாம் என்ற காலம் வந்தது. புத்தகம் கோப்பாகி இணையத்தில் ஏறியது. வேண்டுமென்பவர் வேண்டிய அன்றைக்கு ஒரு பிரதி அச்சிட்டு வாங்கிக்கொள்ளலாம். முகம் தெரியாதவர்கள் எந்தெந்த நாட்டிலிருந்தோ திரைவழியாகச் சேர்ந்து எங்கள் ஆற்றில் நடந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டிலுக்கடியும் காலியானது.

போன வருஷம் புதுப் பதிப்பு. பக்கம் அமைத்துக் கொடுத்த சென்னைக்காரர், “ஒருதடவை படிச்சுப் பாத்துருங்க சார்” என்று கோப்பை அனுப்பினார். நான் அட்டையைப் பார்த்தேன், நன்றாக இருந்தது, போட்டுவிடுங்கள் என்றேன். உள்ளே ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. சோம்பல்தான்.

அவனுக்கு அதற்குள் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் திருநெல்வேலிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டான். அங்கே படுத்துக்கொண்டு செல்போனில் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

“ஏலே மூதி, நீ படிச்சியா?”

“ஏன், என்ன?”

“‘விழுந்தவன் பையை எடு’ன்னு போட்டிருக்கான்லே. செத்தவன் பையில கைய விடச் சொல்லுதான்.”

சென்னைக்காரருக்குப் ‘பைய’ தெரியாது. வரியே பிழை என்று நினைத்து, நல்ல எண்ணத்தில்தான் சரி செய்திருக்கிறார். நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். “மாத்திருலே” என்றான்.

“ஒரு நிமிஷ வேலை. மாத்திருதேன்.”

ஒரு நிமிஷ வேலை என்பதால்தான் கெட்டது. விரல் வீங்கத் திருத்திய எனக்கு, ஒரு வரியை மாற்ற நாள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் கேட்டான். ஒவ்வொரு வாரமும் “இந்தா, மாத்திருதேன்” என்றேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இதற்குள் விளையாடுகிறவர்கள் அந்த விதியையே பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் விழுந்ததும் மற்றவர்கள் அவன் பைமேல் பாய்ந்து, கயிறு உனக்கு, விளக்கு எனக்கு என்று பங்கு போட்டார்கள். வாழ்க்கை மாதிரியே இருக்கிறது என்று பாராட்டி எழுதினார்கள். அவன் அதையும் படித்தான்.

அடுத்த முறை பேசும்போது அவன் சிரிக்கவில்லை. “நான் போனா என்னையப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டாமாலே? பையத்தான் தேடுவியளோ?” என்றான். “நான் கண்ண மூடுததுக்குள்ள மாத்திருலே.”

“சும்மா கெடலே, வாயக் கழுவு” என்று அதட்டினேன். அன்றைக்கும் மாற்றவில்லை.

ஒரு புதன்கிழமை காலை அவன் மகள் போன் செய்தாள். “மாமா, அப்பா போயிட்டாவ. மூணு மணிக்கு எடுக்காங்க.”

பஸ்ஸில் உட்கார்ந்து, அவனைப் பற்றி என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். பாடையைப் பகடையாக்கிய ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அம்பாசமுத்திரம் தாண்டும்போது மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மழை வரும் என்று இரண்டு மணிக்கே எடுத்துவிட்டார்களாம். வாசல் தண்ணீரில் செருப்போடு நின்றேன். யாரிடம் சொல்ல?

மகள் உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “அப்பா உங்களுக்குன்னு வச்சிருந்தாவ. இந்தப் பைய எடுத்துக்கோங்க, மாமா.”

வாங்கிக்கொண்டேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். புதுப் பதிப்பில் ஐந்து பிரதி, அவனே அச்சிட்டு வாங்கியது. நாலில் அந்த வரியை அடித்து, நடுங்கிய எழுத்தில் ‘விழுந்தவனைப் பைய எடு’ என்று எழுதியிருந்தான். ஐந்தாவதில் திருத்தம் இல்லை. அந்தப் பக்கத்தில் பேனாவை வைத்து மூடியிருந்தான்.

அந்தப் பேனாவாலேயே அதைத் திருத்தினேன். பிறகு செல்போனை எடுத்து, இணையத்தில் இருந்த கோப்பையும் திருத்தினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“மாத்திட்டேன்லே” என்றேன். பெஞ்சில் பக்கத்திலிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள்.