சேற்றில் நின்ற இருபத்தேழு டாங்கிகள்

நகராட்சியின் சாலைப் பிரிவு அலுவலகத்தில் அவருக்கு ‘உட்பிரிவு’ என்று பட்டப்பெயர். வைத்தது யாரென்று தெரியாது, பொருத்தம் மட்டும் பிரமாதம். டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட மழை வந்தால் என்ன, ஆள் குறைந்தால் என்ன என்று இரண்டு நிபந்தனைகள் சேர்த்துத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

ஊரில் சாலையைத் தோண்ட அனுமதி கேட்பவர்கள் நிரப்பும் படிவம் அவருடைய படைப்பு. எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம், மண்ணை எந்தப் பக்கம் கொட்டுவது என்று மொத்தம் முப்பத்தேழு கட்டங்கள். தோண்டியதை எப்போது மூடுவது என்று கேட்கும் கட்டம் மட்டும் கிடையாது. படிவத்தில் இல்லாததை யார் செய்வார்கள்? பதினோரு வருடமாக யாரும் எதையும் மூடவில்லை. அவர் வீட்டு வாசலிலேயே ஒரு பள்ளம் இருந்தது. மழைக்காலத்தில் பால்காரர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மனைவிக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அலுவலகம் போக மீதி நேரத்தில் அவர் நடத்தியது 2471-ஆம் ஆண்டின் டாங்கிப் போர். கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்த தடித்த பலகைதான் ‘எரிமலைச் சமவெளி’. மலைகளைச் செய்தது, பல் டாக்டர் நண்பர் கொண்டுவந்து கொடுத்த மாவில். பல் அச்சு எடுக்கிற அதே மாவு. காடுகள் பாத்திரம் தேய்க்கும் நார். மேலே கட்டைவிரல் நீளத்தில் இருபத்தேழு டாங்கிகள். நீலப்படை அவருடையது. சிவப்புப்படை மாடிப் போர்ஷனில் குடியிருந்த மச்சினனுடையது, அதாவது மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுது பார்ப்பவன்.

விதிகள் இருநூற்றுப் பதினாலு பக்கம். மணலில் பாதி வேகம், மலைச் சரிவில் கால் வேகம். எரிபொருள் எந்த வழியாக வர வேண்டும், உதிரி பாகத்துக்கு எத்தனை பிரதிகளில் எழுதிக் கேட்க வேண்டும், டாங்கி ஓட்டுநருக்கு வருடத்தில் எத்தனை நாள் தற்செயல் விடுப்பு, எல்லாம் இருந்தது. எதிரிக்கே விடுப்பு கொடுத்த தளபதி உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வினை அறுபத்தொன்றாம் விதியில் வந்தது. ஞாயிறுதோறும் பகடை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் மழை, ஆற்றோரத்தில் தொடங்கி ஒவ்வொரு கட்டமாகச் சேறாகும். சேற்றில் நிற்கும் டாங்கி நகரவும் கூடாது, சுடவும் கூடாது. சேறு எப்போது காயும் என்று எழுத மறந்துவிட்டார். ஒவ்வொரு மழைக்கும் ஒரு கட்டத்தைப் பழுப்புச் சாயம் பூசிப் பூசி, ஆறு வருடத்தில் சமவெளி முழுக்கச் சேறு. இருபத்தேழு டாங்கிகளும் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

திருத்தலாமே என்றால், விதியை மாற்ற மூன்று ஆட்டக்காரர்களும் கையெழுத்திட வேண்டும் என்பது முதல் விதி. மூன்றாமவரான பல் டாக்டர் இரண்டாம் வருடமே பூப்பந்து ஆடப் போய்விட்டார். விலகியவர் கையெழுத்து செல்லாது என்பது இரண்டாம் விதி.

மச்சினன் மட்டும் விடாமல் வந்தான். ஞாயிறு காலை இறங்கி வருவான், பகடை உருட்டுவான், அக்கா கொடுக்கும் காபியைக் குடிப்பான், மேலே போவான். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் உட்பிரிவு வாரம் முழுக்க அலுவலகத்தைப் பொறுத்துக்கொண்டார். அவருக்கு வேறு நண்பர் கிடையாது.

அவனுக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. கடைசி ஞாயிறு பலகை முன்னால் உட்கார்ந்தவன் பகடையைத் தொடவே இல்லை.

“மாமா, நாளைக்கு லாரி வருது. ஒரே ஒரு குண்டு சுட்டுட்டுப் போறேன். யாரு மேல பட்டாலும் சரி.”

“டாக்டர் கையெழுத்து இல்லாம எப்படி மாப்ள?”

“இங்க நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்?”

அவருக்கும் ஆசைதான். ஆனாலும் விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தார். சரி மாமா என்று அவன் எழுந்து போனான். மாடியில் பெட்டி கட்டும் சத்தம் சாயங்காலம் வரை கேட்டது. அவர் பலகையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை சாமான் ஏற்றிய லாரி பத்தடி நகர்ந்தது. பின்சக்கரம் வாசல் பள்ளத்துச் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. கல் போட்டார்கள், சாக்கு போட்டார்கள், மச்சினன் வீட்டு மிதியடியையும் போட்டார்கள். சக்கரம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. விடிந்தால் அவன் புது ஊரில் வேலைக்குச் சேர வேண்டும். தடிமனாக நீளமாக ஒரு பலகை கிடைத்தால் போதும் என்றார் டிரைவர்.

யாரும் கூடத்துப் பக்கம் திரும்பவில்லை. மனைவிதான் கேட்டாள்.

“ஏங்க, உங்க விதில சேத்துல மாட்டின வண்டி வெளிய வர என்ன செய்யணும்?”

“அதுக்கு ஒண்ணும் எழுதல,” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக நிபந்தனை இல்லாத பதில்.

விறுவிறுவென்று உள்ளே போனார். எந்த டாங்கி எந்தக் கட்டத்தில் என்று குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார், வைத்துவிட்டார். இருபத்தேழையும் வாரி வாளியில் போட்டார். வேண்டாம் மாமா என்று பின்னாலேயே வந்த மச்சினனிடம், “அந்தப் பக்கம் பிடி,” என்றார்.

“மலை மேல் பக்கமா இருக்கட்டும் மாப்ள. சக்கரத்துக்குப் பிடி கிடைக்கும்.”

பல் டாக்டர் மாவில் செய்த மலைகள் உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். லாரி உறுமியது. மலைகள் நொறுங்கின. ஆறு வருடத்தில் எரிமலைச் சமவெளியைக் கடந்த முதல் வண்டி சாலையில் ஏறி நின்றது.

மச்சினன் வாளியிலிருந்து ஒரு நீல டாங்கியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சிவப்பை எடுக்கவில்லை. உட்பிரிவு கையை மட்டும் அசைத்தார்.

அன்றே அலுவலகம் போய்ப் படிவத்தில் முப்பத்தெட்டாவது கட்டம் சேர்த்தார்: மூடும் தேதி. மேலதிகாரி திருப்பி அனுப்பினார். படிவத்தைத் திருத்த மூன்று பேர் கையெழுத்து வேண்டுமாம், அதில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டாராம். அப்படி விதி போட்ட பழைய உத்தரவின் கீழே இருந்தது பழைய தேதியில் உட்பிரிவின் சொந்தக் கையெழுத்து.

பலகை இன்னும் பள்ளத்தின் மேல்தான் கிடக்கிறது. மழை நாளில்கூடப் பால்காரர் அதன் வழியாக சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறார்.