தோப்புக்குப் போட்ட கோடித் துணி

என் மாமனார் உயிரோடு இருக்கும்போதே என் பிறந்த வீட்டார் அவருக்குக் கோடித் துணி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இதைச் சொல்லி இன்றைக்கும் எங்கள் உறவுக்குள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் சிரிக்கிறவர்கள் யாரும் அந்தத் துணி கடைசியில் எங்கே போனது என்று மட்டும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

துடியலூருக்கு மேற்கே, தோட்டத்துக்குள்ளேயே கட்டிய வீடு ஒன்றுக்கு நான் வாழ்க்கைப்பட்டேன். மலையிலிருந்து கரண்டு கோயமுத்தூருக்கு வந்து, திரும்பின பக்கமெல்லாம் மில்லுக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வீட்டில் மாமனார், என் வீட்டுக்காரர், நான், மூன்று பேர்தான். மாமியாரை நான் பார்த்ததில்லை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்விட்டார். ஆகவே வந்த நாள் முதல் அடுப்படி முழுக்க என் கையில் இருந்தது. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

நான் பிறந்தது சூலூருக்குக் கிழக்கே, மழையை நம்பி விதைக்கிற மேட்டாங்காட்டில். அங்கே நிழல் என்றால் ஒரு வேப்பமரம், தண்ணீர் என்றால் எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற கிணறு. இங்கே வந்தால், தோட்டத்துக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கி வரும் ஓடை, எங்கள் பேச்சில் பள்ளம், ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு தோப்பு. நாவல், புங்கன், நீர்மருது எல்லாம் யாரும் வைக்காமல் தானாக வளர்ந்து நின்றன. பள்ளம் வளைகிற இடத்தில் சித்திரை வெயிலிலும் வற்றாத ஒரு மடு.

மத்தியானம் காட்டு வேலைக்காரர்களுக்கு மோர் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். மடுவுக்குள் காலை விட்டால் குஞ்சு மீன்கள் வந்து கொத்தும். நாவல் பழுக்கிற காலத்தில் வீட்டுக்குத் திரும்பியதும் மாமனார் என் நாக்கின் நிறத்தைப் பார்த்தே, "தோப்புல இருந்தா வார, அம்மணி?" என்பார். வீட்டில் அப்பா எதிரில் என்னோடு பேசவே கூச்சப்படுகிற என் வீட்டுக்காரர்கூட அங்கே வந்துவிட்டால் வாய் ஓயமாட்டார். நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆனதே அந்தத் தோப்பில்தான் என்பேன். அந்த வீட்டைச் சுற்றி நான் மருமகளாக இல்லாமல் இருக்க முடிந்த இடம் அது ஒன்றுதான்.

அதை மாமனார் விற்றுவிட்டார்.

மெயின் ரோட்டோரம் மில் கட்டுகிற ஒருவருக்குச் செங்கல் சூளை போட இடம் வேண்டியிருந்தது. மரம் சூளைக்கு விறகு, கரை மண் செங்கல்லுக்கு, மடுத் தண்ணீர் அந்த மண்ணைக் குழைக்க. ஒன்றையும் வீணாக்காமல் கணக்குப் போட்டிருந்தார்கள்.

நான் கேட்டுப் பார்த்தேன். "மாமா, அதை மட்டும் குடுக்க வேண்டாமுங்க."

"ஒரு மூட்டைச் சோளம் வெளையாத பூமி அம்மணி அது," என்றார். "அதைக் குடுத்தா கெணத்துக்கு மோட்டார் வெச்சரலாம். இனி மாட்டைக் கட்டித் தண்ணி எறைக்க வேண்டியதில்லை. உம்பட நல்லதுக்குத்தான்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கோடாலிச் சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். பெரிய நாவல் மரம் விழுந்த அன்று அடுக்கி வைத்திருந்த பானைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நான் வாசலுக்கு வந்து நின்று அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை. மாமனார் வந்து பார்த்தார்.

"மரத்துக்குப் போயி ஆராச்சும் அழுவாங்களா? என்ன எழவா உழுந்துபோச்சு?"

அது எல்லோரும் பேச்சுக்குச் சொல்வதுதான். நான் பேசாமல் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

"ஆமாங்க மாமா, எழவுதான் உழுந்துபோச்சு. எழவு உழுந்த ஊட்டுல அடுப்பு எரியக் கூடாதுங்க," என்றேன். உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினேன். சாம்பல் பொங்கி முகமெல்லாம் அப்பியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அங்கே அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். உறவுக்காரர்கள் சமைத்துக் கொண்டுவந்து போட வேண்டும். வாசலில் கோலம் இருக்காது. நான் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். மற்ற வேலை எதிலும் குறை வைக்கவில்லை. பால் கறந்தேன், மாட்டுக் கட்டுத்தறி கூட்டினேன், சோளத்தட்டு அள்ளிப் போட்டேன். அடுப்பையும் கோலத்தையும் மட்டும் தொடவில்லை.

முதல் நாள் மாமனார் பழைய சோற்றையும் மோரையும் வைத்து ஓட்டினார். மறுநாள் அதுவும் தீர்ந்தது. என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் துடியலூர் காபி கிளப்புக்குப் போய் இட்லி தின்றுவிட்டு, எங்களுக்கும் பொட்டணம் கட்டி வந்தார். வெளியிலிருந்து வரும் சோற்றை எழவு வீட்டில் சாப்பிடலாம். ஆகவே நான் திருப்தியாகச் சாப்பிட்டேன். மாமனார் சிக்கிக்கொண்டார். அந்த இட்லியைத் தொட்டால் எழவு விழுந்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். "எனக்கு வேண்டாம்," என்று சொல்லி, கட்டிலில் துண்டால் முகத்தை மூடிப் படுத்துவிட்டார். பசியில் பாதி, கோபத்தில் பாதி.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். வீட்டுக் கூரையில் புகையில்லை. வாசலில் கோலமில்லை. பெரியவர் வெளியே தலைகாட்டவில்லை, நான் அழுத கண்ணோடு திரிகிறேன். வாசலுக்கு வந்து, 'பெரியவர் இருக்கிறாரா' என்று கேட்கவா முடியும்? பாவம், அவர் என்ன செய்வார். சூலூர்ச் சந்தைக்குப் போன இடத்தில் என் அண்ணனைப் பார்த்ததும், "உங்க சம்பந்தி போயிட்டாராட்டத் தெரியுதுங்க, சேதி சொல்ல இன்னும் ஆள் வரலீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அடுத்த நாள் வெயில் ஏறும் நேரத்தில் இரண்டு வண்டிகள் எங்கள் வாசலில் வந்து நின்றன. அம்மாவும் உறவுப் பெண்களும் தலையை அவிழ்த்துப் போட்டபடி இறங்கினார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "எம்பட மகளைத் தங்கமாட்டப் பாத்துக்கிட்டாரே," என்று அழ ஆரம்பித்தாள். பின்வண்டியில் சோற்றுப் பானை இருந்தது. அண்ணன் தோளில் புது வேட்டி, பிணத்துக்குப் போடுகிற கோடி. அவர் நேராக என் வீட்டுக்காரரிடம் போய், துக்கம் கேட்கிற முறைப்படி இரண்டு கையையும் நீட்டினார். இவரும் ஒன்றும் புரியாமல் கையை நீட்டிவிட்டார்.

சத்தம் கேட்டு மாமனார் எழுந்து வெளியே வந்தார்.

"ஆருங்க போயிட்டாங்க?" என்று கேட்டார்.

அழுகை நின்றது. ஒரு பெண் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மாமனார் அண்ணன் தோளில் இருந்த வேட்டியைப் பார்த்தார். யாருக்கு வந்தது என்று அவருக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆரு செத்தாங்கன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு அம்மணி."

நான் கூனிக் குறுகிப் போவேன் என்று நினைத்தார். நான், "தோப்புங்கம்மா," என்றேன்.

அண்ணனுக்கு வந்ததே கோபம். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மாடு நொரை தள்ள ஓட்டியாந்திருக்கறன். நாலு மரத்தை வெட்டுனதுக்கா இத்தனை?"

"நான் ஆருக்கும் ஆள் உடுலீங்கண்ணா. நீங்களாத்தான் வந்தீங்க," என்றேன். "வந்தது வந்துட்டீங்க. எழவு எங்கன்னு பாத்துப்போட்டுப் போங்க."

அண்ணன் அசையவில்லை. அம்மாதான் முதலில் நடந்தாள். மாப்பிள்ளை வீட்டில் குரல் உயர்த்திப் பேசியே அறியாதவள். மற்றவர்கள் அவள் பின்னால் வந்தார்கள். வேட்டியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று மாமனார் கத்தியதால் அண்ணனும் அதைத் தோளில் போட்டபடியே வந்தார்.

தோப்பு இருந்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. ஆயில் இஞ்சின் வைத்து மடுவை மண் குழைக்கிற குழிகளுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். சேற்றில் மீன்கள் துள்ளின. கொக்குகள் இறங்கவும் முடியாமல் உட்காரக் கிளையும் இல்லாமல் மேலேயே சுற்றின. அம்மா நின்று பார்த்தாள். எனக்குக் கல்யாணமான புதிதில் வந்தபோது அந்த மடுவில் கால் கழுவிவிட்டு, "இந்தத் தண்ணியப் பாத்த பொறகுதான் உன்னைய இங்க குடுத்தது நிம்மதியாச்சு," என்று சொன்னவள் அவள்.

"அந்த நாவ மரம் எங்க அம்மணி?" என்று கேட்டாள்.

வெட்டிய அடிமரத்தைக் காட்டினேன். இன்னும் ஈரமாக இருந்தது.

எழவுக்கு எடுத்த கோடியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அண்ணன் அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அம்மா அவர் தோளிலிருந்து வேட்டியை உருவினாள். பிரித்தாள். குனிந்து அந்த அடிமரத்தின் மேல் போர்த்தி, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த அழுகை. மற்ற பெண்களும் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்து அழுதார்கள். வெட்டுக்காரர்கள் கோடாலியைக் கீழே வைத்துவிட்டார்கள். சூளை மேஸ்திரி அதட்டத்தான் வந்தார். வந்தவர் அழுகையைக் கேட்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அழுததால் ஒரு மரமும் எழுந்து நிற்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அடிமரத்தையும் தோண்டி எடுத்துச் சூளையில்தான் போட்டார்கள். மோட்டார் வந்தது, தண்ணீர் கொட்டியது, அதில் விளைந்ததை நானும்தான் தின்றேன். அந்தச் செங்கல்லில் எழும்பிய மில்லின் சங்குச் சத்தத்துக்கு எழுந்து வருஷக் கணக்காகப் பால் கறந்தேன். காலம் போனால் ஆறிவிடும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. ஒரு மனுஷர் செத்தால் ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பதைப் பாசம் என்கிறோம். மரத்துக்கும் தண்ணீருக்கும் செய்தால் மட்டும் அதற்குப் பெயர் கிறுக்கு. அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவராது.

அன்றைக்கு வாசலில் இலை போட்டு, கொண்டுவந்த சோற்றை எல்லோருக்கும் பரிமாறினோம். என் வீட்டுக்காரர் முதல் ஆளாக உட்கார்ந்தார். தன் அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். அவருக்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான், எனக்கு அது போதும். மாமனார் இலைக்கு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் வண்டி பூட்டினார்கள். பெண்கள் ஒவ்வொருவராக ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறினார்கள். அண்ணனும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். எங்கள் ஊரில் தண்ணீர் குடிக்க வந்தவர்கூட "வாரேனுங்க" என்று நாலு தரம் சொல்லாமல் படி இறங்க மாட்டார். உயிரோடு இருக்கிற வயசான மனுஷர், தன் வாசலில் இருந்து உறவு இப்படிப் போவதைப் பார்க்கிறார். மாமனார் எழுந்து வண்டி வரைக்கும் வந்துவிட்டார்.

"வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க சம்பந்தி," என்றார். கெஞ்சுகிற குரல்.

அம்மா முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"எழவு ஊட்டுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாதுங்க," என்றாள்.

வண்டி நகர்ந்தது. என்னிடமும் அவள் சொல்லிக்கொள்ளவில்லை.