கதவைச் சாத்திய பயிற்சியாளர்

குழுப் பயிற்சி நடத்துவது எப்படி என்று மதுரையில் பயிற்சி எடுத்து, அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிய ஆள் நான். வகுப்பில் யாராவது பாதியில் எழுந்தால் வேடிக்கையாகப் பேசி உட்கார வைக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

தாயில்பட்டியில் பட்டாசுத் தொழிலாளர்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தேன். திரையில் படம் தெளிவாகத் தெரியட்டும் என்று ஜன்னல்களையும் கதவையும் சாத்தினேன். சற்று நேரத்தில் மாரியம்மாள் என்ற பெண் எழுந்தார்.

"சார், கதவை மட்டும் தொறந்து வச்சுக்கிருவமா? எனக்கு..."

"என்னக்கா, அதுக்குள்ள தப்பிச்சு ஓடப் பாக்கீகளா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அப்படியே சரிந்து விழுந்தார்.

வெளியே தூக்கிப்போய்க் காற்றாடப் படுக்க வைத்தார்கள். முதலுதவி சொல்லித்தர வந்த நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாரியம்மாளுடன் வகுப்புக்கு வந்திருந்த செல்வி சொன்னார்: "இவ மக வெடி விபத்துல செத்தது சாத்திக் கெடந்த கதவுக்குப் பின்னாடிதேன் சார். வீட்டுலகூட இவ கதவைச் சாத்துறதில்ல."

கண்விழித்த மாரியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒங்களுக்கு எப்படித் தெரியும், விடுங்க சார்" என்று என்னைத் தேற்றினார்.

இப்போது கதவைத் திறந்தே வைக்கிறேன். படம் மங்கலாகத்தான் தெரிகிறது. யாராவது எழுந்தால் பேச்சை நிறுத்தி, என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.

அடுத்த வகுப்புக்கு மாரியம்மாள் வரவில்லை. செல்வியிடம் விசாரித்தேன்.

"அவ வர மாட்டா சார். 'அந்த சார் நல்லாத்தேன் பேசுறாரு, நாம பேசுனாத்தேன் அவருக்குக் கேக்காது'ன்னுட்டா."