சைராகான் எஜேயும் திரும்பிய ஆன்டெனாவும்

காலை ஆறரை வேனில் சைராகான் எஜே எப்போதும் ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோரம்தான் உட்காருவார். கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு ரேடியோவை எடுத்து அதன் ஏரியலைப் பல்லால் கடித்து இழுப்பார். முழுதாக வெளியே வந்ததும் நுனியைச் சட்டைக் கையில் ஒருமுறை துடைப்பார். பிறகு ரேடியோ வலது காதுக்குப் போகும்; இடது காதைக் கட்டைவிரல் அடைத்துக்கொள்ளும். ஏதாவது ஒரு வளைவில் பாட்டு கரகரக்கும். உடனே ஜன்னல் தூசியில் நகத்தால் ஒரு கோடு. கடைத்தெருவில் இறங்குமுன் கோடுகளை எண்ணுவார்.

"இன்னைக்கு எத்தனை இருமல், எஜே?" என்பார் ஓட்டுநர். ஊரில் அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒன்பது. உன் வண்டி பன்னெண்டு இருமுச்சு, அதைக் கவனி."

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே தன் வண்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். அதில் பாடுவது தலைநகர் நிலையம்.

எங்கள் நிலையம் சாரி-பெல் கால்நடைச் சந்தையின் மதிலை ஒட்டிய இரண்டு அறைகள். ஒன்றில் எஜே பேசுவார். இன்னொன்றில் கருவிகளோடு நான். பேசாமல் இருக்கக் கிடைத்த வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. காலை ஏழு மணிக்கு 'காணாமல் போனவை' நிகழ்ச்சி. "செம்பட்டைக் குதிரை, நெற்றியில் வெள்ளை, இடது காது நுனியில் குருவிவால் வெட்டு. ஆள் நல்லவள்தான், ஆனால் பின்பக்கமாகப் போகாதீர்கள்" என்று எஜே வாசிப்பார். நான் படிக்கும் புதுக்கவிதைகளில் அவ்வளவு சிக்கனமான வரிகளை அதிகம் பார்த்ததில்லை.

அந்த வசந்தத்தில் தலைநகர் நிலையம் எங்கள் ஊருக்கே ஒரு பெரிய கோபுரம் நட்டது. ஒரு நாளைக்கு நாற்பது பேர் அழைத்த எங்கள் தொலைபேசியில் நான்கு பேர் அழைத்தார்கள். இயக்குநர் காதிர்பெக் ஜூன் முதல் தேதி எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஆகஸ்ட் வரைக்கும் பார்ப்போம். அப்புறம் அவங்க நிகழ்ச்சியையே வாங்கி ஒலிபரப்பிடலாம். எஜே, உங்களுக்கு நூலகத்துல ஒரு நாற்காலி சொல்லி வெச்சிருக்கேன்."

"நூலகத்துல பேசக்கூடாதே, காதிர்பெக். என்னைக் கொல்லணும்னா நேரா கொன்னுடு."

"வேற வழி சொல்லுங்க."

"எப்பவோ சொன்னேனே. நம்ம கம்பம் நிக்கிற குன்றுக்கு அந்தப் பக்கம் ஜைலூ. கோடைக்கு மேய்ச்சலுக்குப் போன குடும்பம் நூறு இருக்கு. தலைநகர்க்காரன் சத்தம் மலையைத் தாண்டாது. ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பு."

"விளம்பரம் கொடுக்கிற கடையெல்லாம் ஊர்ல இருக்கு. மலைக்கு எதுக்கு ரேடியோ? ஆடு கேக்குமா?"

"ஆடு கேக்காது. ஆட்டைத் தொலைச்சவன் கேப்பான்."

காதிர்பெக் கையை விரித்துவிட்டார். அன்று எஜே தேநீரில் சர்க்கரை போட மறந்து குடித்ததைப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஊரில் எங்கள் நிலையம் வெறும் இரைச்சலாகிப்போனது. கருவிகளில் பிழை இல்லை. குன்றுக்குப் போய்ப் பார்க்கலாமென்றால், அன்று மாலையே பனி உருகி ஆறு பெருகி மரப்பாலத்தைப் பெயர்த்துவிட்டது.

"நீந்திப் போயிடவா, எஜே?"

"தண்ணி வடியட்டும், தம்பி. நீ போய்ச் சேர்ந்தா அந்த அறிவிப்பையும் நான்தானே படிக்கணும்?"

ஐந்து நாள் இரைச்சல். ஊரில் புகார் சொன்னவர் ஒரே ஒருவர், எஜேயின் மாமியார். "பார்த்தீங்களா, இதுதான் நம்ம நிலைமை" என்றார் காதிர்பெக். எஜே மட்டும் சளைக்காமல் ஏழு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்தார். "ஜைலூவில் இருக்கும் சொந்தங்களே" என்று தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். "ஊர் கேக்கலை. வேற யாரைக் கூப்பிட?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை. ஜைலூக்காரர்கள் வேறு கணவாய் வழியாக இறங்கி வருவார்கள். எட்டு மணிக்கு எங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தால், மதில் முனை வரை வரிசை. கையில் துண்டுச் சீட்டுகள்: தொலைந்த குட்டி, கிடைத்த காளை, பேரன் பிறந்த செய்தி. ஒருவர் தோல்பை நிறைய குமிஸ், புளித்த குதிரைப்பால், கொண்டுவந்திருந்தார்.

"செம்பட்டைக்காரியை இந்த வாரம் நீங்க படிச்ச அன்னிக்கே பிடிச்சுட்டோம், எஜே! பின்பக்கமா போகாதேன்னு சொன்னீங்க. இவன் போனான்." அருகில் நின்றவர் நொண்டிக் காட்டினார்.

காதிர்பெக் சீட்டுகளை எண்ணத் தொடங்கி, அறுபதில் நிறுத்தி, ஒரு கிண்ணம் குமிஸ் வாங்கிக் குடித்தார். "இன்னொரு ஆன்டெனா போட முடியுமா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன்.

பாலம் சரியானதும் குன்றேறினேன். ஆன்டெனா ஜைலூவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கம்பத்தடியில் அறுந்த கயிறு, குவியலாகக் குதிரை லத்தி. எங்கள் ஊரில் நட்டுவைத்த எதுவும் குதிரை கட்டத்தான். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மறுநாள் குன்றடியில் வசிக்கும் ஒரோசாலி, தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து ஒப்புக்கொண்டார்.

"என் குதிரைதான், காதிர்பெக். மிரண்டு இழுத்திருக்கு."

காதிர்பெக் திட்டவில்லை. "அதுக்கு என் பேர்ல ஒரு மூட்டை ஓட்ஸ் போடுங்க" என்றார். எஜே ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டுக்குள் இரண்டாவது ஆன்டெனா ஏறியது. செப்டம்பரில் வேன் ஓட்டுநரும் எங்கள் நிலையத்துக்குத் திரும்பிவிட்டார். அவருடைய மைத்துனன் மாடு தொலைந்திருந்தது. நூலக நாற்காலி காலியாகவே கிடந்தது.

அக்டோபரில் ஒரோசாலியின் மகள் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரோசாலியிடம், பேச வேறெதுவும் தெரியாமல், அந்தக் குதிரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் கறித்துண்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கிட்ட ஏது தம்பி குதிரை? இருந்த ஒண்ணையும் போன வருஷமே வித்தாச்சு. ஆன்டெனாவைத் திருப்ப ஸ்பானரைப் பிடிச்சதுதான் நான். லத்தி, எஜே சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்தது."