ராமேஸ்வரம் போன வண்டி

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக் கை அலம்பிக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த செல்போன் டிங் என்றது. கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "டோல்கேட்டாடா?"

"இல்லம்மா. லோன் வேணுமான்னு கேக்குறான்."

அம்மா டிவி சத்தத்தை மறுபடி கூட்டிவைத்தாள். அவள் தெளிவாகத்தான் இருக்கிறாள். என் மாத்திரையையே அவள்தான் ஞாபகப்படுத்துகிறாள். ஆனால் இந்தக் கேள்வி புரியவேண்டுமென்றால் எங்கள் பழைய வண்டியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும்.

அப்பா செகண்ட்ஹேண்டில் வாங்கிய வெள்ளைக் கார் அது. வெள்ளை என்பது ஆர்.சி. புக்கில் மட்டும்தான். ஏறினால் பெட்ரோலும் தவிடும் கலந்த ஒரு வாடை. விதைநெல் மூட்டை பின்சீட்டில் போகும், நாங்கள் மூட்டைமேல் போவோம். ஒரு ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் இறங்கி, சீட்டுக்கடியில் சிந்தியிருந்த நெல் விரல் நீளத்துக்கு முளைத்துவிட்டது. "வண்டியிலேயே நாத்து விட்டுட்டாங்க உங்கப்பா. நடவுக்கு ஆள் சொல்லிடட்டுமா?" என்றாள் அம்மா. அப்பா முறைத்துக்கொண்டு இறங்கிப் போனார். போன இடத்தில் சிரித்திருப்பார்.

நின்றுபோவதில் அந்த வண்டியை அடித்துக்கொள்ள ஆளில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட் திறந்ததும் மாட்டுவண்டி முதற்கொண்டு எல்லாம் கிளம்பிவிடும், எங்களுடையதைத் தவிர. பின்னால் பஸ்காரர் ஹாரனிலேயே கையை வைத்திருப்பார். நான் இறங்கித் தள்ளுவேன். காலேஜ் பெண்கள் யாராவது பார்க்கிறார்களா என்ற கவலை வேறு.

அம்மா வாழ்நாளில் வாயைத் திறந்து கேட்ட ஒரே ஊர் ராமேஸ்வரம். அப்பாவும் ஒருமுறை கிளம்பினார். புளிசாதம், பாயிலர் வெந்நீரில் குளியல், அம்மா மஞ்சள் பட்டு. பட்டுக்கோட்டை தாண்டியதும் ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். தோப்பு நிழலில் புளிசாதத்தைத் தின்றுவிட்டு, லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வீடு வந்தோம்.

"வண்டி சரியாவட்டும், உன்னக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா. வண்டி சரியாகவில்லை. அப்பா போய்ச் சேர்ந்தார்.

அவர் போன பிறகு அம்மாவுக்காக அதை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பணத்தைக் கொட்டினேன், கொட்டினேன், அப்படிக் கொட்டினேன். இஞ்சினையே பிரித்து மாட்டினார்கள். "இனிமே தொந்தரவே இருக்காது சார்" என்றார் மெக்கானிக். அந்த வாரமே நீடாமங்கலம் கேட். போதுமடா சாமி என்று விற்றுவிட்டுப் புதுசு எடுத்தேன். அம்மா தடுக்கவில்லை. "டேங்க் ரொப்பிக் குடுடா. வெறும் வயித்தோட அனுப்பாத" என்றாள்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த டோல்கேட் ஸ்டிக்கரை உரிக்க விட்டுப்போயிற்று. ஒரு மாதம் கழித்து என் செல்லுக்கு மெசேஜ்: எங்கள் வண்டி திருச்சி ரோடு டோல்கேட்டைத் தாண்டியிருக்கிறது, காசு என் கணக்கில் கழிந்திருக்கிறது. நம்பரை இரண்டு தடவை பார்த்தேன். கணக்கை மூடப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காசில்லன்னா வழியில நிறுத்திப்புடுவாங்களே தம்பி. ஏற்கனவே நின்னு நின்னு போற வண்டி."

கிண்டல் பண்ணிக்கொண்டே பணம் போட்டேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மதுரை வந்தது, விருதுநகர் வந்தது. "நம்மகிட்ட இருக்கையில கேட்டத் தாண்டல. இப்ப பாரு, ஊர் சுத்துறத!" என்பாள் அம்மா. யார் ஓட்டுகிறார்கள் என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை. நானும் பேச்செடுக்கவில்லை.

போன ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் ஒரு மெசேஜ். யோசிக்காமல் சத்தமாகப் படித்துவிட்டேன். ராமேஸ்வரம் ரோடு.

அம்மா டிவியை அணைத்தாள். "கூட்டிட்டுப் போறேன்னுட்டு, என்னை விட்டுட்டுப் போயிட்டாங்களேடா" என்றாள்.

அதோடு சரி. அதற்கப்புறம் மெசேஜே இல்லை. புது ஆள் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். வண்டி பழைய இரும்புக்குப் போயிருக்கலாம். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"போன வழியாத்தானே திரும்பணும்?" என்று கேட்டாள் ஒருநாள்.

"பட்டுக்கோட்டை வழியா வந்திருப்பாங்கம்மா. அங்கல்லாம் மெசேஜ் வராது." வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பட்டுக்கோட்டையா? அப்ப அந்தத் தோப்புகிட்டதான் நிக்கும்."

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

புது வண்டி எங்கேயும் நிற்பதில்லை. கேட் திறந்ததும் முதலில் கிளம்புவது நாங்கள்தான். உள்ளே பிளாஸ்டிக் வாசனை, வேறொன்றும் இல்லை. வாசலில் பழைய வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க்கறை இன்னும் இருக்கிறது. அதன்மேல் புதுசை நிறுத்த அம்மா இதுவரை விட்டதில்லை.

நேற்று அந்த லோன் மெசேஜை அழித்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஞாயித்துக்கிழமை ராமேஸ்வரம் போயிட்டு வந்துடலாம்மா. காலையில கிளம்புனா மத்தியானம் போய்ச் சேந்துடலாம்."

அம்மா வாசல் பக்கம் பார்த்தாள்.

"வேணாம் தம்பி. நாம அந்தப் பக்கம் போற நேரம் பாத்து, அவங்க இந்தப் பக்கம் வந்துட்டாங்கன்னா? வீடு பூட்டிக் கிடக்குமே."