ரத்தினம்மா திருப்பிக் கொடுத்த தாம்பூலம்

வெள்ளிக்கிழமை காலையில் கிணற்று மேடையைத் தேய்த்துக் கழுவுவது ரத்தினம்மாவின் வேலை. வீடு பெருக்குவதும் பாத்திரம் துலக்குவதும் மகள் சந்தியாவுக்கு. கிணற்றை மட்டும் அம்மா யாரையும் தொட விடமாட்டாள். புடவையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, தேங்காய் நாரும் சாம்பலுமாக, யாரோடோ தீராத சண்டை இருப்பதுபோலப் பாசியைத் தேய்ப்பாள். நாலு பக்கமும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த பிறகுதான் வாயில் காப்பி படும்.

அவள் பிறந்தது விஜயபுரம் பக்கம், ஊருக்கு வெளியே தள்ளியிருந்த ஒரு தெருவில். கையகல நிலம் கிடையாது. ஊர்க் கிணற்றில் அவர்கள் கயிறு போடக் கூடாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இறைக்கிறவர்களில் யாருக்காவது மனசு வந்தால் ஊற்றுவார்கள். மனசு வராத நாட்களில் வெயில் உச்சிக்கு ஏறும்வரை நின்றிருக்கிறாள்.

கல்யாணமான சில வருஷத்தில் புருஷன் கோவர்த்தனன் டிரைவர் வேலைக்குக் குவைத் போனான். ஊர் ஊராக ஆம்பிளைகள் கிளம்பிப்போன காலம் அது. அவன் அனுப்பியதில் திருப்பதிக்கு வெளியே, சொர்ணமுகிக் கரைக் காலனியில் ஒரு மனை வாங்கினாள். புங்கமும் வாதாமரமும் கவிந்து கிடக்கும் காலனி. மேல்தெருவில் ரிட்டயர் ஆன உத்தியோகஸ்தர்கள். ஆற்றை ஒட்டிய கீழ்த்தெருவில் இவளைப்போல் கை ஊன்றி எழுந்தவர்கள். எல்லோரும் முதலில் வீடு கட்டுவார்கள். ரத்தினம்மா முதலில் கிணறு வெட்டினாள். ஆற்று மணலில் ஊறிய தண்ணீர், கல்கண்டாக இருந்தது. கீழ்த்தெருவே அதில்தான் குடித்தது. யார் வந்தாலும் அவரவர் கையாலேயே கயிறு போட்டு இறைத்துக்கொள்ளலாம். அது ஒன்றுதான் அவள் வைத்த சட்டம்.

அந்த வெள்ளிக்கிழமை மேடை காய்வதற்குள் வாசலில் வளையல் சத்தம் கேட்டது. காலனிச் சங்கத் தலைவர் நாகபூஷணத்தின் மனைவி அலர்மேல்மங்கை, பட்டுப்புடவையில், கையில் வெள்ளித் தட்டோடு நின்றாள்.

“ரத்தினம்மா, நாளைக்கு முனிசிபாலிட்டி கால்வாய்க்குப் பூமி பூஜை. நீ அவசியம் வரணும்” என்று குங்குமத்தை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே ஒரு பச்சை ரவிக்கைத் துணி.

மேல்தெருவிலிருந்து ஒருத்தி குங்குமத்தோடு இவள் வாசல் ஏறியது அதுதான் முதல் தடவை. ரத்தினம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முந்தானையை ஏந்தித் தாம்பூலத்தை வாங்கினாள். கால்வாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அன்று முழுக்க மகளிடம் அந்தப் பச்சையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

பூஜைக்குப் போன இடத்தில்தான் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள். மேல்தெருவில் புறப்பட்டு, புங்க மரங்களுக்கு நடுவே இறங்கி, அவள் கிணற்றைத் தொட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனது. மலைக்கு வரும் கூட்டம் பெருகப் பெருக மேல்தெருக்காரர்கள் மாடி மேல் மாடி கட்டி வீடுகளை லாட்ஜாக மாற்றியிருந்தார்கள். அத்தனை கக்கூஸ் தண்ணீரும் இந்த வழியாகத்தான் வரப்போகிறது. சிமெண்ட் பூசுவார்களா என்று கேட்டதற்கு, இப்போதைக்கு மண் கால்வாய்தான், பூச்செல்லாம் அடுத்த கட்டம் என்றார்கள்.

பக்கத்து வீட்டுத் தாட்சாயணி காதோரமாகச் சொன்னாள். “இன்னாக்கா, நம்ம தண்ணிக்கு வாசனை ஏத்தப் போறாங்க போலக்குதே. லாட்ஜுல ரூம் எடுக்காமலே நமக்கு லாட்ஜு தண்ணி.”

“சிரிக்காதடி” என்றாள் ரத்தினம்மா. ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து அறையில் கருத்துக் கேட்கும் கூட்டம். முனிசிபாலிட்டி இன்ஜினியர் முன்னால் உட்கார்ந்திருந்தார், தெலுங்குக்காரர், இளவயசு. பிளாஸ்டிக் நாற்காலிகளில் மேல்தெரு. கீழ்த்தெருப் பெண்கள் சுவரோரம் பாயில்.

“எவரிகைனா அப்ஜெக்‌ஷன் உந்தா?” யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று தெலுங்கில் கேட்டார் இன்ஜினியர்.

“ஒருத்தருக்கும் இல்ல சார்” என்று நாகபூஷணமே பதில் சொன்னார்.

ரத்தினம்மா பாயிலிருந்து எழுந்தாள். “எனக்குக்கீது. கால்வா எங்கிணத்த ஒட்டிக்கினு வருது. மண்ணு கால்வா. நாலு மழை பேஞ்சா கிணத்துல இன்னா ஊறும்னு சொல்லணுமா? மேல்தெரு பக்கமே ஆறு வளைஞ்சி வருதே, அப்டியே விட வேண்டியதுதானே?”

மேல்தெரு வழியாக விட்டால் அது நாகபூஷணத்தின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

“உக்காரும்மா” என்றார் நாகபூஷணம், கோபமே இல்லாமல். “முந்தாநாள் என் சம்சாரம் வீடு வீடா வந்து தாம்பூலம் குடுத்தா இல்ல? நீயும் வாங்கினே. தாம்பூலம் கை மாறின அப்புறம் பேச்சு மாறலாமா? நம்ம பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாதா?”

ரத்தினம்மாவுக்குச் சுருக்கென்றது. பெண் கேட்டு வந்தவர்களிடம் தாம்பூலம் வாங்கிவிட்டால் அதோடு சம்மதம்தான். அதற்கப்புறம் மறுத்தால் ஊரே காறித் துப்பும். அந்த வழக்கத்திலேயே வளர்ந்தவள் அவள். யாரோ முதல் தடவையாக வாசல் ஏறி வந்தார்கள் என்ற பூரிப்பில் மடியேந்தி வாங்கியிருக்கிறாள்.

“அது பூஜைக்குக் கூப்டதுன்னு...”

“எதுக்கு பூஜை? கால்வாய்க்குத்தானே!” என்றது ஒரு நாற்காலி. அறை சிரித்தது. நாகபூஷணம் கையமர்த்தினார். “உங்க வீட்டுக்காரர்கிட்டயும் நேத்து குவைத்துக்குப் போன் போட்டுப் பேசிட்டேன். மகராஜனா செய்யுங்கன்னுட்டாரு கோவர்த்தனன்.”

அதுதான் அவளைக் குத்தியது. “சார், அவரு அங்க குடிக்கிறது குவைத்துத் தண்ணி. இங்க குடிக்கிறது நானும் எம் பொண்ணும். எங்கிணத்தப் பத்தி அவர எதுக்குக் கேட்டீங்க?”

பதிலுக்குக் காத்திராமல் வெளியே போனாள். இன்ஜினியர் டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்தாள், கையில் எவர்சில்வர் தட்டோடு. வெற்றிலை, பாக்கு, பழம், மேலே மடிப்புக் கலையாத பச்சை ரவிக்கைத் துணி. நேராக முன்வரிசைக்குப் போய் அலர்மேல்மங்கையின் முன்னால் நீட்டினாள்.

“துணி நீங்க குடுத்ததுதான்மா. வெத்தல பாக்கு மட்டும் புதுசு, கடையில வாங்கினேன். உங்களுத அன்னிக்கே துன்னுட்டேன். பழத்த எம் பொண்ணு துன்னுடுச்சி.”

பாயில் தாட்சாயணி வாயைப் பொத்திக்கொண்டாள். கொடுத்த தாம்பூலத்தைத் திருப்புவது என்றால் முகத்தில் அறைவதுபோல. அலர்மேல்மங்கை தட்டை வாங்கவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை, புருஷனைப் பார்த்தாள்.

“இது அமங்கலம் ரத்தினம்மா” என்றார் நாகபூஷணம். இப்போது குரலில் கோபம் இருந்தது. “வெள்ளிக்கிழமை வாங்கினதைத் திருப்புறியே, வீட்ல வயசுக்கு வந்த பொண்ணு இருக்குது.”

“அந்தப் பொண்ணுக்குத்தான் சார் தண்ணி வேணும்.” தட்டை மேஜைமேல் வைத்தாள். “தாம்பூலம் வாங்கினா சம்மதம்னா, திருப்பினா சம்மதம் இல்ல. வழக்கம் நீங்க சொன்னதுதானே?”

இன்ஜினியருக்குத் தமிழ் முழுசாகப் புரிந்ததோ என்னவோ, தட்டு புரிந்தது. “மரி, ஏம் சேத்தாம்?” என்று நாகபூஷணத்தைக் கேட்டார்.

“என்னத்தைச் செய்யறது? நாளைக்குக் காலையில பொக்லைன் வருது, வேலை நடக்கும். ஒருத்திக்காக நிக்குமா?”

“வரட்டும்” என்றாள் ரத்தினம்மா. “சுண்ணாம்புக் கோட்டு மேல கட்டில் போட்டுக் குந்திக்கினு இருப்பேன். சோறாக்கறதும் அங்கதான், துன்றதும் அங்கதான். தோண்டறவங்க என்னியும் சேத்துத் தோண்டிக்கட்டும்.”

“போலீஸக் கூப்ட்டா?” என்றார் நாகபூஷணம்.

“கூப்புடுங்க. தாகமா வருவாங்க, தண்ணி குடுக்கறேன்.”

பாயில் இந்தத் தடவை யாரும் வாயைப் பொத்தவில்லை. சிரிப்பு சுவரோரமாக ஓடி அடங்கியது. அதில் பாதி பயம் என்பது ரத்தினம்மாவுக்குத் தெரியும். கீழ்த்தெருவில் பல பேர் மேல்தெரு லாட்ஜுகளில்தான் ரூம் பெருக்குகிறார்கள். நாளைக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் வந்து உட்காருவார்கள் என்று அவள் கணக்குப் போடவில்லை.

அவள் வாசலுக்கு நடந்து, அங்கே குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைக் காலால் துழாவினாள்.

“ரத்தினம்மா!” நாகபூஷணம் மேஜையைத் தட்டினார். “எதிரே இத்தனை பேர் இருக்கறோம். நீ ஒத்தப் பொம்பள. எத்தினி நாளைக்கும்மா கட்டில் மேலயே குந்திக்கினு இருப்பே?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கட்டிலை வெளியே இழுத்துப் போட வீட்டைப் பார்த்து நடந்தாள்.