பச்சை பேட்ஜ்

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருப்பூரில் பல்லடம் ரோட்டை ஒட்டிய ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் பேட்ஜ் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. டைலருக்கு நீலம், செக்கிங்குக்கு மஞ்சள், கட்டிங்குக்கு ஆரஞ்சு, ஹெல்பருக்கு வெள்ளை. போட்டோ, பேர், டோக்கன் நம்பர், மேலே கம்பெனி முத்திரை. புதிதாக வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நேற்று வரை 'ஏ புள்ளே' என்று கூப்பிடப்பட்ட பொண்ணு தன் பேரைத் தானே படித்துக்கொண்டு நிற்கும். அதைக் கொடுக்கிறவன் நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் மிதப்பு இருந்தது.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வருகிறதென்றால் எங்கள் கம்பெனி கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். கக்கூஸில் சோப்பு முளைக்கும். கட்டிங் ஆட்கள் கைக்குப் பீரோவிலிருந்து, கத்தி வெட்டாத கம்பி கிளவுஸ் வரும். அன்றைக்கென்று இரண்டு தனி பேட்ஜும் உண்டு. சிவப்பு குத்தியவர் தீயணைப்பு, பச்சை குத்தியவர் முதலுதவி. பயிற்சி எடுத்தவர்கள்தான் அவற்றைக் குத்தலாம் என்பது விதி. நான் ஒரு தாளில் கோடு போட்டு, மேலே 'முதலுதவிப் பயிற்சி' என்று எழுதி, எட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கினேன். அவ்வளவுதான் பயிற்சி. நான் மட்டும் கண்டுபிடித்த வித்தை இல்லை, அக்கம்பக்கத்தில் பல கம்பெனிகளில் இப்படித்தான் நடந்தது. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி செக்கிங் பொண்ணு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, நல்லூரில் ஒரு லைன் வீட்டில் அக்கா குடும்பத்தோடு இருந்தாள். கேட்டதற்குப் பயப்படாமல் பதில் சொல்வாள் என்பதால்தான் அவளைப் பிடித்தேன். கையெழுத்துப் போடும்போது கேட்டாள், ஏதாவது சொல்லித் தருவீர்களா என்று. சிரித்த முகமாக நின்றால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். அவள் நன்றாகவே நின்றாள். ஆடிட்டர் பாராட்டிவிட்டுப் போனார். மேனேஜருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மற்றவர்களிடம் பச்சையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இவளிடம் மட்டும் இருக்கட்டும் என்றார். அதன்பிறகு லைன் சூப்பர்வைசர்கூட அவளை 'இந்தாம்மா' என்றுதான் கூப்பிட்டார். தலைவலி, மயக்கம் என்று பொம்பளைகள் அவளைத் தேடிப் போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கம் கெட்டவன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், காலை டீ முடிந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்த நேரம். கட்டிங் மாஸ்டரின் இடது கை மெஷின் கத்திக்குள் போய்விட்டது. அவர் குண்டடம் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், யாரையும் அதட்டிப் பேசாத மனுசன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் கணுவோடு போய்விட்டன. கம்பி கிளவுஸ் பீரோவில் இருந்தது. டைலர்களில் ஒரு அம்மா, முன்பு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர், எழுந்து ஓடி வந்தார். அதற்குள் பச்சை பேட்ஜ் வந்துவிட்டதைப் பார்த்து, தெரிந்தவள் வந்துவிட்டாள் என்று ஒதுங்கி நின்றுகொண்டார்.

அந்தப் பொண்ணு பனியன் துணியைச் சுருட்டி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த பிடியை விடாமல் கம்பெனி வேனில் அவரோடு ஏறினாள். நானும் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறினேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வெட்டுப்பட்ட துண்டுகள் எங்கே என்று கேட்டார். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பையில் போட்டு, பையை ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒட்டவைக்க முயற்சி செய்திருக்கலாமாம். அவள் என்னைப் பார்த்தாள். நான் கம்பெனிக்கு போன் போட்டேன். கட்டிங் டேபிளை அப்போதே கூட்டியாயிற்று, வேஸ்ட் மூட்டை லாரியில் போயாயிற்று என்றார்கள்.

மறுவாரம் விசாரணை. பையர் ஆபீஸ் விளக்கம் கேட்டிருந்தது. மேனேஜர் நான் கோடு போட்ட அந்தத் தாளை மேஜைமேல் வைத்தார். அவள் கையெழுத்து மூன்றாவதாக இருந்தது. பயிற்சி எடுத்த ஆள் துண்டுகளை எடுத்துவரவில்லை, தவறு அந்த ஆளுடையது என்று எழுதிவிட்டால் கம்பெனி தப்பிக்கும். "பயிற்சி குடுத்தோமல்ல?" என்று என்னைக் கேட்டார். அவள் எதிரில்தான் நின்றாள். நான் உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் அவள் பேர் போகும்.

"குடுத்தோமுங்க" என்றேன்.

சாயந்தரம் அவள் என் மேஜைக்கு வந்து பச்சையைக் கழற்றி வைத்தாள்.

"நான் கேட்டேம்லா சார், எதும் சொல்லித் தருவியளான்னு."

அந்தச் சனிக்கிழமையோடு நின்றுவிட்டாள். செக்கிங் பொம்பளைகள் அவளால்தான் மாஸ்டர் விரல் போயிற்று என்று பேசிக்கொண்டார்கள். கேட்டும் கேட்காதவன் மாதிரி நான் புது ஆட்களின் பேட்ஜுக்கு ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தேன்.

நாலு மாதம் கழித்து கட்டிங் மாஸ்டர் திரும்பி வந்தார். அந்தக் கையால் துணியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, அதனால் ஹெல்பராகப் போட்டிருந்தார்கள். ஆரஞ்சை வாங்கிக்கொண்டு வெள்ளையைக் கொடுக்க வேண்டியவனும் நான்தான். அவர் சட்டையில் குத்தப் பார்த்தார். இடது கையில் துணி நிற்கவில்லை, ஊக்கு வழுக்கிக்கொண்டே போனது. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"கண்ணு, இதக் கொஞ்சம் குத்தி உடுங்க."

குத்தினேன். அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதற்குமேல் அடக்க முடியவில்லை. அந்தப் பொண்ணுக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை, நான்தான் வெறும் கையெழுத்து வாங்கினேன், விசாரணையில் பொய் சொன்னதும் நான்தான் என்று கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றார். "வேன்ல வாரப்பவே அந்தப் புள்ள அழுதுட்டே சொல்லிச்சு, எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்கய்யான்னு. ஆனாலும் புடிச்ச கைய உடல. உங்க பொய்யை எங்கிட்டச் சொல்லி என்னாகுதுங்க? அதுகிட்டச் சொன்னீங்களா?"

அன்று சாயந்தரமே அவள் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து நல்லூருக்குப் போனேன். அந்த லைன் வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. முன்பு இருந்தவர்கள் போன இடம் தெரியாது என்றார்கள். சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோன பச்சை பேட்ஜோடு திரும்பி பஸ் ஏறினேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.